மிதுனம் ஒன்றாம் தேதிக்கு முன்னால் பேசக்கூடாது

திருவனந்தபுரத்தில் விடுமுறைக்கு 'அவதி' என்று பேர். மலையாளத்தில் அது தித்திப்பான வார்த்தை. ஸ்ரீவராகத்தில் குடியிருந்த ஸ்ரீகண்டய்யருக்கு மட்டும் அந்த வார்த்தை எப்போதும் சுத்தத் தமிழாகவே காதில் விழும். அவதி நாட்களில் அவர் நாள் முழுக்க வீட்டில் இருப்பார். நாள் முழுக்க வாலாம்பாளும் வீட்டில் இருப்பாள். அப்புறம் அவதிக்கு என்ன குறைவு?

அந்த வருஷம் ஓணத்து அவதி முடிந்து அவர் குமாஸ்தா உத்தியோகம் பார்த்த ஹஜூர் கச்சேரி திறந்தது. அய்யர் சந்தோஷமாகக் குளித்து, சந்தோஷமாக இலையில் உட்கார்ந்து, முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோனார். வாலாம்பாள் கரண்டியோடு எதிரில் வந்து நின்றாள்.

"ஏன்னா, கிணத்துக் கயிறு நைஞ்சு போயாச்சு. குடைக்குக் கம்பி ஒடிஞ்சு கிடக்கு. கோயில் ஆறாட்டுக்கு உங்க அக்கா வருவா, விரிக்க ஒரு நல்ல ஜமக்காளம் கிடையாது. மகரத்துல கூடத்து ஓடு மாத்தியே ஆகணும், இப்பவே சொல்லிட்டேன். இடவத்துல உங்க அப்பா திவசம். சாஸ்திரிகள்கிட்டே முன்கூட்டியே சொல்லி வைக்கணும், போன தடவை மாதிரி ஆயிடப்படாது. கடுகு தீர்ந்து போச்சு."

"இடவமா? இப்போ சிங்க மாசம்டீ! இடவத்துக்கு இன்னும் ஒம்பது மாசம் கிடக்கு!"

"மறந்து போயிடுமேன்னு சொன்னேன்."

"அதுக்காகக் கடுகையும் திவசத்தையும் ஒரே மூச்சிலயா சொல்லுவா?"

"பின்னே? ரெண்டு மூச்சு விட எனக்கு எங்கே நேரம்?"

அய்யர் கச்சேரிக்குப் போனார். போகிற வழியெல்லாம் திவசம் ஞாபகம் இருந்தது. கடுகு மறந்துவிட்டது. அன்று சாயந்திரம் தாளிக்காத ரசம். 'என்னைக் கொட்டினது யார், ஏன் கொட்டினார்கள்' என்று தெரியாமல் இலையில் ஓடியது அது.

இத்தனைக்கும் கச்சேரியில் ஸ்ரீகண்டய்யரின் மேஜை பிரசித்தம். மற்ற குமாஸ்தாக்களின் மேஜைகளில் கடலாஸ், அதாவது காகிதம், கோபுரம் கோபுரமாக நிற்கும். இவர் மேஜையில் ஒரு மசிக்கூடு, ஒரு பேனா, அன்றைக்குப் பார்க்க வேண்டிய கடலாஸ். அவ்வளவுதான். ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. எந்தக் கடலாஸ் வந்தாலும், 'இதை எப்போது முடிக்க வேண்டும்' என்று அவர் கேட்கமாட்டார். 'எப்போது தொடங்க வேண்டும்' என்று கேட்பார். அந்தத் தேதியை மேலே போட்டு அலமாரிக்குள் தள்ளிவிடுவார். தேதி வரும் வரைக்கும் அது அவர் கண்ணில் படாது. தேதி வந்த அன்று பியூன் எடுத்துக்கொண்டு வந்து வைப்பான். ஹெட் கிளார்க் தாணுமாலயன் பிள்ளைகூட, "வே, உம்ம மேஜை பூஜை அறை கணக்கால்லா இருக்கு!" என்று மெச்சியிருக்கிறார்.

தாளிக்காத ரசத்தைக் குடித்தபடியே அய்யருக்கு ஞானம் உதித்தது. கச்சேரியில் ராஜ்யமே நடக்கிறது. அந்த வழியில் ஒரு குடும்பம் நடக்காதா?

தச்சனைக் கூப்பிட்டு ஒரு பலாப்பலகைப் பெட்டி செய்யச் சொன்னார். உள்ளே அறை அறையாகத் தடுப்பு, மாதத்துக்கு ஓர் அறை. ஒவ்வொன்றின் மேலும் சிங்கம், கன்னி, துலாம் என்று வெள்ளை எழுத்து. அதைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டு மனைவியையும் மகளையும் எதிரில் உட்கார வைத்தார். மகள் விஜயலக்ஷ்மி பள்ளிக்கூடத்தின் கடைசிக் கிளாஸான சிக்ஸ்த் ஃபாரம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் விஜயம்.

"இனிமே இந்த வீட்டிலே எந்தக் காரியமானாலும் ஒரு சீட்டு. அதுலே காரியத்தோட பேரும், அதைத் தொடங்க வேண்டிய தேதியும். அந்தந்த மாசத்து அறையிலே போட்டுடணும். தேதி வர வரைக்கும் அதைப் பத்தி யாரும் மூச்சு விடப்படாது."

"தேதி வந்தா?" என்றாள் வாலாம்பாள்.

"தேதி வந்தா எதிர்ப் பேச்சே கிடையாது. அன்னிக்கு அது நடந்தாகணும்."

"மறந்து போய் முன்னாடியே யாராவது பேசிட்டா?" என்றாள் விஜயம்.

அய்யர் இதற்குத் தயாராக இருந்தார். "பேசினவாளுக்கு மறுநாள் காலம்பறக் காப்பி கிடையாது."

வாலாம்பாள் காப்பி இல்லாமல் கண்ணைக்கூடத் திறக்கமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அவர் எப்படி என்பதை அந்த உற்சாகத்தில் யோசிக்கவில்லை.

"ரொம்ப சௌகரியமா இருக்கே!" என்றாள் வாலாம்பாள்.

அவள் எதையாவது சௌகரியம் என்று ஒப்புக்கொண்டால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் சாந்தி நிலவியது. வாலாம்பாள் காலையில் அன்றைய சீட்டை மட்டும் எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைப்பாள். 'கயிறு.' அவ்வளவுதான். சாயந்திரம் கயிறு வரும். 'கடுகு.' கடுகு வரும். மகரத்து ஓடும் இடவத்துத் திவசமும் அவரவர் அறையில் நிம்மதியாகத் தூங்கின. அய்யருக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தாணுமாலயன் பிள்ளை தச்சனின் விலாசம் கேட்டார்.

அப்புறம் மழை வந்தது.

குடைக்கு அய்யர் போட்டிருந்த தேதி துலாம் ஒன்று. துலாவர்ஷம் துலாத்தில்தானே வரும்? அந்த வருஷம் மழைக்கு அது தெரியவில்லை. கன்னி முடியும் முன்பே ஒரு சாயந்திரம் கிழக்கேகோட்டை வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டது. சட்டை, அங்கவஸ்திரம், குடுமி எல்லாம் சொட்டச் சொட்ட வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"குடையை ரிப்பேருக்குக் கொடுன்னு ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தப்படாதோ?"

வாலாம்பாள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ! தேதிக்கு முன்னாடி பேசிட்டேளே!"

"மழை பேயறதுடீ!"

"மழை பேயறது வாஸ்தவம். சீட்டுல துலாம்னு போட்டிருக்கே. விஜயம், நாளைக்கு அப்பாவுக்குக் காப்பி வேண்டாம், கேட்டியா?"

மறுநாள் காலையில் அய்யர் பட்ட பாட்டை எழுத வேண்டாம். தும்மினார். அடுக்களைப் பக்கமிருந்து வந்த வாசனையைத் தும்மலுக்கு நடுவில் இழுத்து இழுத்துப் பார்த்தார். மத்தியானத்துக்குள் தலை இரண்டாகப் பிளந்துவிட்டது.

சாயந்திரம் அவள் அவருக்குச் சுக்குக் கஷாயம் கொண்டுவந்து வைத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"குடை வேணுங்கற நாளைத்தான் நீங்க எழுதிட்டேள். தொடங்கற நாள் அது இல்லையோல்லியோ? எப்போ வேணுமோ அங்கேர்ந்து பின்னாடியே எண்ணிண்டு வரணும். கம்பி மாத்தறவன் அலைக்கழிப்பான், துணி கிடைக்காது, இதெல்லாம் பார்த்து ஒரு தேதி. அப்பத்தான் சரியா வரும்."

அய்யர் கஷாயத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பேஷ்! மறுநாள் கச்சேரியில் இதையே தம்முடைய சொந்த சித்தாந்தமாக தாணுமாலயன் பிள்ளைக்கு எடுத்து விளக்கினார்.

வாலாம்பாள் பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் கிளாஸ் வரைக்கும். அதற்கு மேல் பெண்ணுக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் எந்தக் காகிதம் வந்தாலும் படிக்காமல் விடமாட்டாள். மிளகாய் கட்டி வந்த காகிதத்தைத் தட்டி, நீவி, அடுப்பு வெளிச்சத்தில் பிடித்து வாசிப்பாள். பெரும்பாலும் ஏதாவது கதையின் நடுப்பக்கமாக இருக்கும். "அந்தப் பொண்ணு ரயிலேறிப் போனாளே, அப்புறம் என்ன ஆனாளோ?" என்று இரண்டு நாள் கவலைப்படுவாள். அய்யர் இதைப் பார்த்துச் சிரிப்பார். சிரித்துவிட்டு, அடுத்த தடவை மிளகாய்ப் பொட்டலத்தைக் கிழிக்காமல் பிரித்து அவளிடம் கொடுப்பார்.

விஜயம் படிப்பதில் அவருக்கும் வெறுப்பில்லை. கிளாஸில் முதல் என்று யாராவது சொன்னால் அங்கவஸ்திரத்தை ஒரு தரம் சரிப்படுத்திக்கொள்வார். ஆனால் அவருக்கு ஓர் அக்கா உண்டு. வடசேரி பாகீரதி அம்மாள். அவளுக்கு அவர் இன்னும் மூக்கொழுகுகிற ஸ்ரீகண்டன்தான்.

துலாத்தில் ஆறாட்டு பார்க்க அக்கா நாகர்கோவில் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஊர்வலம் பார்த்துவிட்டு வந்து, புது ஜமக்காளத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏண்டா ஸ்ரீகண்டா, பொண்ணு கமுகாட்டம் வளர்ந்து நிக்கறா. இன்னும் புஸ்தக மூட்டையைத் தூக்கிண்டு ரோட்டோட போறாளே, நன்னாவா இருக்கு? எங்காத்துக்காரருக்கு ஒண்ணுவிட்ட அண்ணா பிள்ளை, நாகேஸ்வரன்னு பேரு, செங்கோட்டையிலே சர்க்கார் உத்தியோகம். மூக்கும் முழியுமா இருப்பான். நான் கேட்டா மாட்டேன்னு சொல்லமாட்டா. என்ன சொல்றே?"

அடுக்களையில் விஜயம் துலக்கிக்கொண்டிருந்த பாத்திரத்தின் சத்தம் நின்றது.

அய்யர் மனைவியைப் பார்த்தார். ஒரு பெரிய யுத்தத்துக்கு மனசுக்குள் படை திரட்டினார். வாலாம்பாளோ மலர்ந்த முகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"ரொம்ப நல்ல இடம் அக்கா! ஏன்னா, இதுக்கும் ஒரு சீட்டு எழுதிடுங்கோ. எப்போ தொடங்கலாம்?"

யுத்தமே இல்லை! அய்யருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பேனாவை எடுத்தார். "இப்பவே தொடங்கலாமே. பொண்ணு பார்க்க வரச் சொல்லு அக்கா."

"வரட்டும்" என்றாள் வாலாம்பாள். "எங்கே உக்கார வைப்பேள்? கூடம் ஒழுகறது. மாப்பிள்ளைப் பிள்ளை தலையிலே சொட்டினா நன்னாவா இருக்கும்?"

"வாஸ்தவம். ஓடு மாத்தின அப்புறம். அது மகரத்துல."

"ஓட்டை மாத்தினா சுவரெல்லாம் அழுக்கு வழிஞ்சு நிக்கும்."

"வெள்ளையடிக்கணும். கும்பத்துல அடிச்சுடலாம்."

"கும்பத்துல அவளுக்குப் பரீக்ஷை. பாதியிலே நிறுத்தி ஃபெயிலான பொண்ணுன்னு சொல்லிண்டா கொடுக்கறது?"

"அது அவமானம்! பரீக்ஷை முடியட்டும். அப்போ மீனம்."

"மீனத்துல பைங்குனி உற்சவம். வீடு சத்திரம் மாதிரி கிடக்கும். மேடத்துல வெள்ளையடிப்பு. அப்புறம் இடவம்…" அவள் குரலைத் தாழ்த்தினாள். "இடவத்துல உங்க அப்பா திவசம். அது முடியாம மங்கள காரியத்துக்கு வாயெடுப்பாளோ? எனக்குத் தெரியலை. உங்களுக்குத்தான் சாஸ்திரம் தெரியும்."

"கூடாது! கூடவே கூடாது!" என்று அய்யர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்காவும் செத்துப்போன அப்பாவை நினைத்துப் போட்டுக்கொண்டாள். "அப்போ மிதுனம் ஒண்ணு" என்று சொல்லி, 'விஜயத்தின் கல்யாணப் பேச்சு' என்று முத்து முத்தாக எழுதி, தேதி போட்டு, தம் கையாலேயே மிதுனத்து அறையில் போட்டார்.

"கல்யாணத்துக்குக் கச்சேரிக் கடலாஸாடா?" என்றாள் அக்கா.

"உனக்கு இதெல்லாம் புரியாது அக்கா. இனிமே மிதுனம் வரைக்கும் நீயும் இந்த வீட்டிலே அதைப் பத்திப் பேசப்படாது. பேசினா காப்பி போயிடும்."

அக்கா மறுநாளே தம்பானூரில் பஸ் ஏறிவிட்டாள்.

அன்று வாலாம்பாள் கேட்டாள்: "நானும் ஒண்ணு எழுதிப் போட்டுக்கட்டுமா? மேடத்து அறையிலே."

"தாராளமா."

"என்னன்னு கேக்கலையே?"

"கேக்கப்படாது! தேதி வரதுக்கு முன்னாடி கேக்கறதும் பேசறதும் ஒண்ணுதான். ரூல்னா ரூல்."

"சொல்லணும்னுதான் நினைச்சேன்" என்றாள் அவள். "வேண்டாம்னா சாரமில்லே, போகட்டும்."

மகரம் வந்தது, ஓடு மாறியது. விஜயம் பரீக்ஷை எழுதினாள். மேடத்தில் சுவர்கள் வெளுத்தன, ரிசல்ட்டும் வந்தது. நல்ல மார்க்கில் பாஸ். அய்யர் கச்சேரி முழுக்கக் கற்கண்டு கொடுத்தார்.

மேட மாசம் முடிகிற சமயம், ஒருநாள் காலையில் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு இருந்தது. குண்டு குண்டாக, மூன்றாம் கிளாஸ் எழுத்தில்: 'விஜயத்தின் காலேஜ் அப்ளிகேஷன். அப்பா ஒப்பு.'

பக்கத்திலேயே அப்ளிகேஷன், மசிக்கூடு, பேனா. கதவோரம் விஜயம். அவள் விரல்கள் தாவணி முனையை முறுக்கிக்கொண்டிருந்தன.

"இது என்னது?"

"இன்னிக்குத் தேதி" என்றாள் வாலாம்பாள். "இன்னிக்குக் கொடுத்தாத்தான் இடவத்துல காலேஜ் திறக்கறச்சே இடம் கிடைக்குமாம். பின்னாடியே எண்ணிப் பார்த்துத்தான் போட்டேன்."

"காலேஜா! அது எப்படி? அடுத்த மாசம் போனா அவளுக்கு…"

"அவளுக்கு?"

அய்யரின் கண் சுவரில் மாட்டியிருந்த பெட்டிக்குப் போயிற்று.

"என்னவோ சொல்ல வந்தேளே, அவளுக்கு என்ன?"

ஒரே ஓர் ஆட்சேபணைதான் அவரிடம் இருந்தது. அதன் பேர் கல்யாணம். அது மிதுனத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது எழுப்பினால் காப்பி போய்விடும். காப்பி போனாலும் போகட்டும். தெரு முழுக்கப் பெட்டி செய்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெட்டியைக் கண்டுபிடித்தவனே ரூலை மீறினான் என்றால் அப்புறம் வெளியில் தலை காட்ட முடியுமா?

விஷத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்ட பரமசிவனுக்கு ஸ்ரீகண்டன் என்று பேர். இந்த ஸ்ரீகண்டனும் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

"வந்து… ரோட்டிலே… மழை…" என்றார்.

"குடை ரிப்பேர் பண்ணியாச்சுப்பா" என்றாள் விஜயம் மெதுவாக.

அவர் மகளைப் பார்த்தார். அவள் கண் நிறைந்து, விழலாமா வேண்டாமா என்று நின்றது. மனைவியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கரண்டியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அய்யருக்கு அப்போதுதான், இவள் இத்தனை மாதமும் உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்திருக்கிறாள் என்று தோன்றியது.

இந்த ஊரில் கையெழுத்துக்கு 'ஒப்பு' என்று பேர். மனசு ஒப்பாமலே ஒப்பு வைக்கலாம் என்று நினைத்துத்தான் அவர் பேனாவைத் தொட்டார். பாதி பேர் எழுதுவதற்குள் மனசும் ஒப்பிவிட்டது.

இடவத்தில் காலேஜ் திறந்தது. கச்சேரிவரை அப்பாவும் பெண்ணும் ஒரே வழி. முதல் நாள் தாணுமாலயன் பிள்ளை வாசலில் பார்த்துவிட்டார்.

"வே அய்யரே, மகளைக் காலேஜிலே சேத்தேராமே! உம்ம தெருவிலே யாருக்குவே இந்தத் தைரியம் வரும்?"

"நான் ஒண்ணு தீர்மானிச்சுட்டேன்னா அப்புறம் மாத்தறதில்லை" என்றார் அய்யர், அங்கவஸ்திரத்தைச் சரிப்படுத்திக்கொண்டு.

இருந்தாலும் புருஷனாகப் பிறந்தவனுக்கு ஒரு ரோஷம் உண்டே. காலேஜுக்குப் போகிறவள் போகட்டும். அது ஒரு பக்கம். மிதுனம் ஒன்றாம் தேதி என்று ஒன்று வரத்தானே போகிறது? அன்று பேச்சைத் தொடங்கி, அக்காவுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றி, இந்த வீட்டில் யார் எஜமான் என்று காட்டிவிடலாம்.

மிதுனம் ஒன்றாம் தேதியும் வந்தது. அய்யர் விடிந்தும் விடியாமலும் எழுந்தார். தாமே சீட்டை எடுத்தார். அடுக்களை வாசலில் நின்று பரீக்ஷை ரிசல்ட் மாதிரி உரக்கப் படித்தார்.

"விஜயத்தின் கல்யாணப் பேச்சு! இன்னிக்கு என் வாயை யாரும் மூட முடியாது!"

"யார் மூடினா? பேசுங்கோ" என்றாள் வாலாம்பாள், காப்பியை ஆற்றிக்கொண்டே.

"செங்கோட்டை நாகேஸ்வரன் இருக்கானே…"

"அவனுக்குத்தான் கும்பத்துலேயே கல்யாணம் ஆயிடுத்தே. பொண்ணு அம்பாசமுத்திரமாம். உங்க அக்கா அப்பவே வடசேரிக்காரா ஒருத்தர்கிட்டே சொல்லி அனுப்பிச்சா."

"கும்பத்துலேயா! என்கிட்டே ஏண்டீ சொல்லலை?"

வாலாம்பாள் நுரை ததும்பும் டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

"கல்யாணப் பேச்சாச்சே! மிதுனத்துக்கு முன்னாடி சொன்னா எனக்குக் காப்பி போயிடாதோ?"